கன்னத்து வேலும் காணாத தசையும்

தைப்பூசம் வந்தால் பினாங்கில் கன்னத்தில் அலகு குத்திய பக்தர்கள் தண்ணீர்மலைக் கோயிலை நோக்கி நடப்பார்கள். வேல் மறுகன்னத்தில் வெளிவருவதைக் குத்துபவர் கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

தாடைவலிக்கு மருந்தில்லா ஊசி குத்துபவருக்கு அந்த வசதி கிடையாது. பல்லைக் கடித்தால் மசெட்டர் தசை விரலுக்குப் புடைக்கும். அதில் குத்துவது சுலபம், முகநரம்பின் கிளைகளும் உமிழ்நீர்க் குழாயும் அதன்மேல் ஓடுவதை மறக்காதவரை. பக்கவாட்டு டெரிகாய்டு தசையோ கன்ன எலும்பு வளைவுக்கு அடியில், தாடை எலும்புக்கும் உள்ளே, மேல்தாடைத் தமனியை ஒட்டி ஒளிந்திருக்கிறது. ஊசி அங்கேதான் போய்ச் சேர்ந்தது என்பதற்கு என்ன சாட்சி?

13-ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாச்சாரியார் எழுதிய சிவஞான சித்தியார் என்ற நூலின் சுபக்கப் பகுதி, இதே கேள்வியை எழுப்பும் அளவை, அதாவது ஒன்றை எதை வைத்து அறிகிறோம் என்பது, பற்றிய பேச்சோடு தொடங்குகிறது. காட்சி, கருதல், உரை: சைவ சித்தாந்தம் ஏற்கும் மூன்று அளவைகள். ஊசிமுனை எலும்பில் தட்டுவதை வைத்து ஆழத்தை ஊகிப்பது கருதல். உடற்கூறு நூல் உரை. அந்த நூல் சொல்வது பொதுவான ஒரு தாடையை; எதிரே படுத்திருப்பவரின் தாடை அதே அளவில் இருக்க வேண்டியதில்லை. காட்சிக்கு அல்ட்ராசவுண்டை அழைத்தாலும், எலும்பு குறுக்கே நின்று பாதியை மறைத்துவிடும்.

நோயாளிக்கு வலி குறைந்ததே, அது போதாதா? போதாது. பக்கத்துத் தசையில் பட்டும் குறையலாம், தானாகவும் குறையலாம்.