கதவுக்குப் பின்னால்

பள்ளி மாணவர்கள் நாலைந்து பேர் கூடி, கைப்பேசியையே காமிராவாகக் கொண்டு, பத்து நிமிஷத்துக்கு ஒரு மர்மப் படம் எடுக்கத் துணியும்போது, பயம் கத்தியிலும் இரத்தச் சாயத்திலும் இருப்பதாகவே முதலில் நம்புகிறார்கள். மாலை மணி அடித்து எல்லோரும் வீடு திரும்பிய பின், தினமும் நடந்து பழகிய தாழ்வாரத்தின் கோடியில், ஆளில்லாத வகுப்பறையின் கதவொன்று மெல்ல அசைவதைப் படம்பிடித்துப் பார்க்கும்போதுதான், காட்டாமல் விட்டதே நெஞ்சைப் பிடிக்கிறது என்னும் சூட்சுமம் அவர்களுக்குப் பிரத்தியட்சமாகிறது. பள்ளிப் பருவத்திலேயே, 1964-இல், 'ஃபயர்லைட்' என்ற முழுநீளப் படத்தை எடுத்து முடித்த இயக்குநர் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்குக்கும், 1975-இல் வெளிவந்த 'ஜாஸ்' படத்துக்கென்று செய்த இயந்திரச் சுறா கடல்நீரில் அடிக்கடி பழுதானமையால், அதைப் பெரும்பாலும் மறைத்துவைத்தே பீதியை வளர்க்க நேர்ந்தது. சாதனங்களின் குறைவு சில சமயம் இத்தனை பெரிய உபகாரம் செய்துவிடுகிறது!

ஆனால் எனக்கு இதைவிட அருமையாகத் தோன்றுவது வேறொன்று. கதவுக்குப் பின்னால் நின்று கயிற்றை இழுப்பவன் தங்கள் தோழனே என்று அறிந்த அந்தப் பிள்ளைகளுக்கு, அந்தக் கதவு ஒருபோதும் பயம் தருவதில்லை. ஆகவே, அறியாத ஒருவரின் மனத்துக்குள் புகுந்து, அவருடைய இதயம் எந்தக் கணத்தில் எப்படித் துடிக்கும் என்று, பொறுமையோடும் ஒருவித வாஞ்சையோடும், அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஆண்டு விழா மண்டபத்தில் விளக்குகள் அணைந்ததும், அவர்கள் திரையிலிருந்து கண்ணைத் திருப்பி, மூச்சடக்கி உட்கார்ந்திருக்கும் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.