மூட்டுகள் செலுத்தும் ஸதக்கா

சூரியன் உதிக்கும் ஒவ்வொரு நாளும் மனிதனின் ஒவ்வொரு மூட்டின் மீதும் ஒரு ஸதக்கா கடமையாகிறது என்ற கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அருளியதை ஹஸ்ரத் அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இந்த ஹதீஸ் உண்டு. ஸதக்கா என்றதும் நம்மவர் கை சட்டைப் பைக்குப் போகும். நாயகம் (ஸல்) அவர்களோ அங்கே காசைப் பற்றிப் பேசவில்லை. இருவருக்கிடையே நீதியாக நடப்பது, ஒருவரை அவருடைய வாகனத்தில் ஏற்றிவிடுவது, அவருடைய சுமையைத் தூக்கிக் கொடுப்பது, நல்ல சொல், தொழுகைக்கு எடுத்து வைக்கும் அடி, பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவது ஆகியவற்றையே எண்ணிக் காட்டினார்கள். பெரும்பாலும் மூட்டை மடக்கி நீட்டிச் செய்கிற காரியங்கள்!

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் வழியாக முஸ்லிமில் வரும் அறிவிப்பில் மூட்டுகள் 360 என்ற தொகையும் வருகிறது. இதை வைத்துக்கொண்டு சிலர் வரம்பு மீறிப் போகிறார்கள். இன்றைய மருத்துவர்கள் எண்ணிப் பார்த்து 360 தான் என்று ஒப்புக்கொண்டுவிட்டதாக மேடையில் முழங்குகிறார்கள். அப்படி ஒருமித்த எண் மருத்துவ நூல்களில் இல்லை. மண்டையோட்டின் அசையாத தையல்களையும், பல் தாடையில் பதிந்திருக்கும் இடங்களையும் மூட்டாகக் கொள்வதா என்பதைப் பொறுத்துத் தொகை மாறும். எலும்புகளே ஒரே கணக்கில் நிற்பதில்லை. பிறந்த குழந்தைக்கு ஏறக்குறைய 300. அவை ஒன்றோடொன்று சேர்ந்து வளர்ந்தவர்க்கு 206 ஆகின்றன. ஹதீஸ் நமக்குப் போதும். அதற்கு ஆதரவாக நாம் பொய்ச் சாட்சி தேட வேண்டியதில்லை.

முன்னோர் இதில் எவ்வளவு பேணுதலாக இருந்தார்கள்! பாக்தாதில் 1162இல் பிறந்த அப்துல் லத்தீஃப் அல்பாக்தாதீ (ரஹ்) மார்க்கக் கல்வியும் மருத்துவமும் கற்றவர். நைல் நதி போதிய அளவு பெருகாமல் 1200 முதல் 1202 வரை மிஸ்ரு நாட்டில் கொடும் பஞ்சம் நிலவியபோது அவர் அங்கிருந்தார். கெய்ரோவுக்கு அருகே அல்மக்ஸ் என்ற இடத்தில் மாண்டவர்களின் எலும்புகள் குவிந்து கிடந்தன. அந்த ஏழைகளுக்கு அல்லாஹ் ரஹ்மத் செய்வானாக. கீழ்த்தாடை இரண்டு எலும்புகளால் ஆனது என்று கிரேக்க மருத்துவர் ஜாலினூஸ் எழுதியிருந்தார். ஆயிரம் ஆண்டுகளாக அதுவே பாடம். அப்துல் லத்தீஃப் மண்டையோடுகளைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். பிறரையும் பார்க்கச் சொன்னார். இணைப்பே இல்லாத ஒற்றை எலும்பாகவே இருந்தது. ஜாலினூஸின் சொல்லைவிடக் கண்ணால் கண்டதையே நம்ப வேண்டும் என்று எழுதி வைத்தார். (சிசுவுக்கு அது இரண்டு பாதிகளாக இருந்து, முதல் வயதுக்குள் ஒட்டிவிடுகிறது என்பது உண்மை. ஜாலினூஸ் பெரும்பாலும் விலங்குகளை அறுத்துப் பார்த்தவர்.)

நாமும் கண்ணால் பார்ப்போம். தெருவில் ஒரு முள் கிடக்கிறது, குனிந்து எடுக்கிறீர்கள். இடுப்பில் கிண்ணத்துக்குள் பந்து உருள்வதுபோலத் தொடையெலும்பின் தலை திரும்புகிறது. முழங்கால் கதவின் கீல்போல மடங்குகிறது. முதுகுத் தண்டின் முள்ளெலும்புகள் ஒவ்வொன்றும் சிறிதளவே அசைந்து, மொத்த முதுகையும் வளைத்துத் தருகின்றன. பிறகு விரல். ஒரு கையில் மணிக்கட்டோடு சேர்த்து 27 எலும்புகள். இரு கைகளிலும் இரு பாதங்களிலும் இருப்பவை மட்டும் 106. உடலின் எலும்புகளில் பாதிக்கு மேல்!

விரலை மடக்கும் தசை விரலில் இல்லை. வலக் கையால் இடது முன்கையைப் பற்றிக்கொண்டு, இடக் கை விரல்களை மடக்கிப் பாருங்கள். முன்கையில் தசை புடைப்பது தெரியும். அங்கிருந்து கயிறுபோல் நாண்கள் மணிக்கட்டைக் கடந்து விரல் நுனிவரை ஓடுகின்றன. தசைக்குத் தெரிந்தது இழுப்பது ஒன்றே, தள்ளத் தெரியாது. ஆகவேதான் மடக்க ஒன்று, நீட்ட ஒன்று என்று எதிரெதிராக வைத்திருக்கிறான் ரப்புல் ஆலமீன். ஒன்று சுருங்கும்போது மற்றது விட்டுக்கொடுக்காவிட்டால் கை அசையாது.

மூட்டின் உள்ளே எலும்பும் எலும்பும் உரசாதபடி வழவழப்பான குருத்தெலும்பு மூடியிருக்கிறது. அதைச் சுற்றி முட்டை வெண்கரு போன்ற நீர் இருக்கிறது. அந்தக் குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய் கிடையாது. அதன் உணவு அந்த நீரிலிருந்துதான் வர வேண்டும். மூட்டு அழுந்தி விடுபடும்போதெல்லாம் பஞ்சு நீரை உறிஞ்சுவதுபோல் அது உறிஞ்சிக்கொள்கிறது. அசையாத மூட்டு பட்டினி கிடக்கிறது என்றே சொல்லலாம். பிறருடைய சுமையைத் தூக்க வளையும் மூட்டுக்கு, வளைவதிலேயே அதன் ரிஸ்கும் கிடைக்கிறது. இந்த ஸதக்காக்களுக்கெல்லாம் ளுஹா நேரத்து இரண்டு ரக்அத் ஈடாகும் என்று அபூதர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸில் வருகிறது. ருகூஉ, ஸுஜூது, இருப்பு என்று அதில் வேலையில்லாத பெரிய மூட்டு எது?

தேய்ந்துபோன குருத்தெலும்பு மீண்டும் பழையபடி வளர்வதில்லை. நாற்பது வருடம் சுமை தூக்கியவர், வயலில் குனிந்து நின்றவர், இன்று பள்ளிவாசலில் நாற்காலியில் அமர்ந்து தொழுகிறார். அவரைப் பார்த்து, “கடைத்தெருவுக்கு நடந்து போகிறவருக்கு இங்கே மட்டும் நாற்காலியா?” என்று ஓர் இளைஞர் கேலி செய்கிறார். நடப்பது வேறு, முழங்காலை முழுக்க மடக்கி எழுவது வேறு என்பதை அவர் அறியவில்லை. மூலநோயால் வருந்திய இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு நின்று தொழவும், இயலாவிடில் உட்கார்ந்தும், அதுவும் இயலாவிடில் ஒருக்களித்துப் படுத்தும் தொழவும் நாயகம் (ஸல்) அவர்கள் வழி காட்டியது புகாரியில் உள்ளது. நிற்க முடிந்து ஸுஜூது செய்ய முடியாதவரின் சட்டம் ஹனஃபி, ஷாஃபிஈ மத்ஹபுகளில் வேறுபடுகிறது. அவரவர் தம் மத்ஹபு ஆலிமிடம் கேட்டுக்கொள்க. கேலி செய்ய இரண்டு மத்ஹபிலும் இடமில்லை. ஒளுச் செய்யும் இடத்தில் முதியவர் பிடித்து எழ ஒரு கம்பி பொருத்துவதற்கு, பள்ளி நிர்வாகிகளுக்குப் பெருஞ்செலவும் ஆகாது.