எண்பது வருஷம் காணும்தானே

2022 பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை. வடமேற்கு லண்டனில் நான் ஆறு வருஷமாகக் குடியிருந்த ஃப்ளாட்டைப் பார்க்க ஓர் இளம் தம்பதி வந்தார்கள். இருவரும் யாழ்ப்பாணத்துப் பெற்றோரின் பிள்ளைகள். அவர் குளியலறைக் குழாயைத் திறந்து தண்ணீரின் வேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் சமையலறை ஜன்னலோரம் நின்று என்னிடம் கேட்டாள்: "அண்ணா, லீஸ் எம்பது வருஷம் கிடக்கு எண்டு ஏஜென்ட் சொன்னவர். அது காணும்தானே?"

"எண்பது வருஷம்மா, நம்ம காலத்துக்கு அது போதாதா" என்றேன். சிரித்தாள். நானும் சிரித்தேன்.

நான் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அன்றைக்கு அந்த லீஸில் எண்பது ஆண்டும் நான்கு மாதமும் மிச்சமிருந்தன.

இதில் என்ன தப்பு என்று புரிய, இங்கிலாந்தின் லீஸ்ஹோல்ட் முறையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு 'அடிமனை' என்று சொன்னால் பாதி விளங்கிவிடும். வீடு நம்முடையது, கீழே இருக்கும் மண் கோயிலுடையது என்று அங்கே ஓடும் வழக்கின் தூரத்து உறவு இது. ஆனால் இங்கே வீடும் முழுதாக நம்முடையது இல்லை. ஃப்ளாட் வாங்குகிறவன் வாங்குவது செங்கல்லை அல்ல, காலத்தை. 99 வருஷம், 125 வருஷம் என்று ஒரு நீண்ட குத்தகை. அது முடிந்தால் சுவர், கதவு, நாம் மாற்றிப்போட்ட அடுப்பு மேடை எல்லாமே நில உரிமையாளரிடம் திரும்பிவிடும். கொடுத்த விலை திரும்பி வராது.

அதனால் லீஸை நீட்டிக்க வேண்டும். 1993-ல் வந்த சட்டம் அதற்கு உரிமை கொடுத்தது: ஒரு தொகையைக் கட்டினால் மேலும் 90 வருஷம், அதன் பிறகு நிலவாடகை வெறும் ஒரு மிளகு. சட்டத்திலேயே 'பெப்பர்கார்ன்' என்றுதான் எழுதியிருக்கிறது. வாடகையே இல்லை என்று சொல்வதற்குப் பதில் ஒரு மிளகு என்று சொல்லும் வழக்கம். நம் கடற்கரையில் கப்பல் கப்பலாக ஏற்றிப்போன சரக்கு அங்கே ஒன்றுமில்லாததற்குப் பெயராகிவிட்டதை நினைத்து, முதல் தடவை படித்தபோது தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

கட்ட வேண்டிய தொகையைக் கணக்கிடும் முறைதான் சுவாரசியம். எண்பது வருஷம் கழித்து வீடு தன் கைக்கு வரும் என்று காத்திருக்கும் உரிமையாளருக்கு அந்தக் காத்திருப்பின் இன்றைய விலையைத் தர வேண்டும். ஃப்ளாட்டுக்கு ஆண்டுக்கு 5% தள்ளுபடி என்பது ஒரு வழக்கில் நிலைத்துப்போன விகிதம். பைத்தானில் ஒரே வரி. 3,20,000 பவுண்டு வீடு, 80 வருஷம் கழித்து என்றால், இன்றைக்கு அதன் மதிப்பு சுமார் 6,457 பவுண்டு. மூன்று தலைமுறை தள்ளி நிற்கிறவனின் வீட்டை அந்த ஒரு வரி ஒரு பழைய காரின் விலைக்குக் கொண்டுவந்துவிடுகிறது.

இதோடு நிலவாடகை இழப்புக்கும் கொஞ்சம் சேரும். ஆனால் லீஸ் எண்பது வருஷத்துக்குக் கீழே ஒரு நாள் இறங்கினாலும் இன்னொரு செலவு முளைக்கும். அதன் பெயர் 'திருமண மதிப்பு'. நீட்டித்தபின் வீட்டின் மொத்த மதிப்பு கூடும் அல்லவா, அந்தக் கூடுதலில் பாதி நில உரிமையாளருக்கு. இரண்டு பேர் சேர்ந்ததால் வந்த செல்வத்தில் பாதியை ஒரு தரப்பு கேட்டு வாங்குவது நமக்கு ஒன்றும் புதிதில்லை. அந்தப் பெயரை வைத்தவர் நம் கல்யாணங்களைப் பார்த்தவரோ என்னவோ.

என் லீஸ் அந்த ஜூன் மாதம் எண்பதுக்குக் கீழே இறங்கவிருந்தது. அதோடு, அப்போதைய சட்டப்படி, வீட்டை வாங்கியவர் இரண்டு வருஷம் உரிமையாளராக இருந்தால்தான் நீட்டிப்பு கேட்க முடியும். ஆக அந்தப் பெண் வாங்கினால், கேட்க முடிவது 2024-ல், எழுபத்தெட்டு வருஷம் மிச்சமிருக்கும்போது. என் கணக்குப்படி அவளுக்கு நாலாயிரம் பவுண்டுக்குக் குறையாமல் கூடுதல் செலவு.

தீர்வும் இருந்தது. ஆறு வருஷம் உரிமையாளரான நான் ஜூனுக்கு முன் நீட்டிப்பு நோட்டீஸ் கொடுத்து, அதன் பலனை விற்பனையோடு சேர்த்து அவள் பெயருக்கு எழுதித் தரலாம். மதிப்பீடு நோட்டீஸ் கொடுத்த நாளில் உறைந்துவிடும். வீட்டோடு சேர்த்து எழுதித் தராவிட்டால் மட்டும் நோட்டீஸ் செத்துவிடும்.

இதெல்லாம் எனக்குத் தெரியும் என்பதுதான் விஷயம். எக்செல் ஷீட்டே வைத்திருந்தேன்.

விற்கும்போது நிரப்புகிற படிவத்தில் இதைப் பற்றிக் கேள்விகள் உண்டு. நீங்கள் இரண்டு வருஷத்துக்கு மேல் உரிமையாளரா? ஆம். நீட்டிப்பு நோட்டீஸ் கொடுத்திருக்கிறீர்களா? இல்லை. நேர்மையாக இரண்டு டிக். என் வக்கீல், "அவர்களுக்கும் வக்கீல் இருக்கிறார், அவருடைய வேலையை நீங்கள் செய்ய வேண்டாம்" என்றார். அலுவலக நண்பன் இன்னும் சுருக்கமாக, "டேய், லீஸ் பப்ளிக் ரெக்கார்டு. படிக்காதது யார் தப்பு?" என்றான்.

இந்த வாதம் ரொம்பப் பழசு. கி.மு. 44-ல் சிசரோ எழுதிய 'கடமைகள்' நூலின் மூன்றாம் பகுதியில் ஒருவன் வீடு விற்கிறான். அதன் குறைகள் அவனுக்கு மட்டுமே தெரியும். சொல்ல வேண்டுமா? சொல்லியே ஆக வேண்டும் என்கிறார் ஆன்டிபாட்டர். அவருடைய குரு டயோஜனிஸோ, சொல்லாமல் இருப்பது வேறு, மறைப்பது வேறு, வாங்கச் சொல்லி யாரும் உன்னைக் கட்டாயப்படுத்தவில்லையே என்கிறார். சிசரோ சிஷ்யன் பக்கம். உனக்குத் தெரிந்ததை, தெரிய வேண்டியவருக்கு, உன் லாபத்துக்காகத் தெரியாமல் வைத்தால் அது மறைப்புதான் என்பது அவர் தீர்ப்பு.

முதலில் இது என்னைத் தொடாது என்றுதான் நினைத்தேன். சிசரோவின் வீட்டில் குறை விற்பவனுக்கு மட்டும் தெரியும். என் வீட்டில் அது எழுத்தில் இருக்கிறது. அவள் இழக்கும் பணமும் எனக்கு வராது, நான் பார்த்தே இராத ஒரு நிலக் கம்பெனிக்குப் போகும். என் லாபம் என்ன? பேரம் இல்லை, தாமதம் இல்லை, அவ்வளவுதான். ஒருவருடைய நாலாயிரம் பவுண்டை என் ஆறு வார வசதிக்காகப் போகவிடுவது, அதையே திருடுவதைவிட மேலானதா? அற்பமான காரணம் என்பதால் ஒருவேளை அது இன்னும் கேவலமோ?

டயோஜனிஸ் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. விற்பவன் தெரிந்ததையெல்லாம் ஒப்பிக்க வேண்டும் என்றால் வியாபாரமே நடக்காது. மேல்வீட்டுக் குழந்தை ராத்திரி இரண்டு மணிக்கு ஓடும் என்பதை நான் இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை, அதற்காகத் தூக்கம் கெட்டதும் இல்லை. லீஸ் விஷயத்தில் கெட்டது, அவள் கேட்டாள் என்பதால். சட்டம் தெரியாதவள் தனக்குத் தெரிந்த சொல்லில் சரியான கேள்வியைத்தான் கேட்டாள். 'காணுமா' என்றால் போதுமா. ஆயுளுக்குப் போதுமா என்று கேட்டதுபோல நான் பதிலைத் திருப்பிவிட்டேன். வக்கீல் இருக்கும்போதே என்னிடம் கேட்டதற்குக் காரணம், நான் தமிழில் "வாங்க" என்று சொல்லிக் கதவைத் திறந்ததுதான்.

இப்போது அந்த இரண்டு வருஷ நிபந்தனையே இல்லை. 2024 சட்டத்தின் கீழ், 2025 ஜனவரி 31 முதல் அது ஒழிந்தது. திருமண மதிப்பை ஒழித்து, 90-ஐ 990 வருஷமாக்கும் பிரிவுகளும் அதே சட்டத்தில் இருக்கின்றன, இதை எழுதும்போது இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. இன்று அதே வீட்டை விற்றால் என் மௌனத்துக்கு இந்த அளவு விலை இருக்காது. சட்டம் மாறினால் பாவமும் சுருங்குமா என்று அவ்வப்போது யோசிப்பதுண்டு. செலவு சுருங்கும். அந்தச் சமையலறையில் நான் சொன்ன பதில் அப்படியேதான் இருக்கும்.

மூன்று வாரம் கழித்து அவளுக்கு ஃபோன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். ஏதோ நான் புதிதாகக் கண்டுபிடித்ததுபோலத் தொடங்கி, பாதியில் அந்த நடிப்பை விட்டுவிட்டேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. "நான் அண்டைக்கே கேட்டனான்தானே அண்ணா" என்றாள்.

"ஆமாம்மா, கேட்ட."

"அப்ப ஏன் காணும் எண்ட மாதிரிச் சொன்னீங்கள்?"

விற்பனை சீக்கிரம் முடிய வேண்டும் என்று நினைத்தேன் என்றேன். சரி என்றும் சொல்லவில்லை, திட்டவும் இல்லை. அவருடன் பேசிவிட்டுச் சொல்வதாகச் சொன்னாள். நான்கு நாள் பதில் இல்லை. ஐந்தாம் நாள் அவள் வக்கீல் என் வக்கீலுக்கு எழுதினார்: நோட்டீஸ் செலவு விற்பவருடையது, நீட்டிப்புத் தொகை வாங்குபவருடையது, நில உரிமையாளரின் வக்கீல், மதிப்பீட்டாளர் கட்டணம் பாதிப் பாதி. பேரம் பேசாமல் ஒத்துக்கொண்டேன். நோட்டீஸ் மே மாதம் போனது. சாவி கொடுக்கும் நாளில் அவர் மட்டும்தான் வந்தார்.