அயலாரிடம் திறக்கும் நெஞ்சம்

பெற்றோரிடம் சொல்லாத துயரத்தை அயலார் ஒருவரிடம் சொல்லுதல் முறையாகுமா? வீட்டுச் செய்தி வாசற்படியைத் தாண்டலாகாது என்று வளர்க்கப்பட்ட நம்மவர்க்கு, மனநல ஆலோசகரின் அறைக்குள் மகனை அனுப்பிவிட்டு வெளியே காத்திருப்பது குடும்ப மானத்தை அடகு வைப்பது போலவே தோன்றுகின்றது. அவ்வெண்ணத்தைப் பழமை என்று எள்ளி ஒதுக்குவது எளிது. அதன் வேரைக் காணாமல் ஒதுக்குதல் நேர்மையாகாது.

தோட்டப்புற லயங்களில் ஒரு வீட்டையும் மறுவீட்டையும் பிரித்து நின்றது பெரும்பாலும் பலகைத் தடுப்பே. இங்கு எழுந்த சினச்சொல் அங்கே உண்பவர் காதில் விழும். மறைவிடமற்ற அவ்வாழ்வில் வாயடக்கம் ஒன்றே குடும்பத்திற்குக் கதவாக இருந்தது. பூசல் முற்றினால் தாய்மாமனோ, கோயில் தலைவரோ, சில வேளைகளில் கங்காணியோ வந்து தீர்த்து வைப்பார். அவர்கள் பல குடும்பங்களைக் காத்தனர் என்பதை மறுப்பதற்கில்லை. எனினும், அவர்கள் தீர்ப்பு வழங்கினரேயன்றி, இளையவர் சொல்லை இறுதிவரை கேட்டாரல்லர். திருக்குறளில் 'கேள்வி' என்று ஓர் அதிகாரமே உண்டு. அது சான்றோர் சொல்லைக் கேட்டலின் சிறப்பை உரைப்பது. மூத்தோர் மொழிய இளையோர் செவிமடுப்பதே நாமறிந்த ஒழுங்கு. ஆலோசனை அறையில் அவ்வொழுங்கு தலைகீழாகின்றது. அங்கே இளையவர் பேசுகின்றார், மூத்தவர் கேட்கின்றார்.

அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1942-இல் வெளியிட்ட நூலில் இம்முறையை வலியுறுத்தினார். ஆலோசகர் வழியைச் சுட்டிக்காட்டி நடத்திச் செல்பவராக இராமல், வந்தவர் தம் உள்ளத்தைத் தாமே தெளிந்துகொள்ள உடனிருப்பவராக இருத்தல் வேண்டும் என்பது அவர் கருத்து. ஆசிரியர்களாகிய நமக்கு இது கசக்கும். அறிவுரை கூறாத ஆசிரியர் கடமை தவறியவரன்றோ? நானும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணியிருந்தேன். (அறிவுரை கூறுவதில் நமக்குள்ள இன்பத்தையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.)

பல ஆண்டுகளுக்கு முன், எஸ்.பி.எம். தேர்வு நெருங்கிய வேளையில், ஐந்தாம் படிவ மாணவன் ஒருவன் வகுப்பு முடிந்தபின் தயங்கி நின்றான். "யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுங்கள் ஐயா" என்றான். கொடுத்தேன். உயிர் வாழவே விருப்பமில்லை என்றான். கல்விக்கட்டணம், தேர்ச்சி, வீட்டில் தன் பொருட்டு நடக்கும் சண்டை என்று ஒரு மணி நேரம் பேசினான். இரண்டு இரவுகள் நான் உறங்கவில்லை. மூன்றாம் நாள் அவன் தந்தையிடம் சொல்லிவிட்டேன்.

அவர் என்னை நோக்கிச் சினக்கவில்லை. "பெற்ற எங்களிடம் சொல்லாததை உங்களிடம் ஏன் சொன்னான்?" என்று மட்டும் கேட்டார். அக்குரலில் இருந்தது மான உணர்ச்சியன்று, தோல்வி. அன்று என்னிடம் விடையில்லை. இன்று ஒருவாறு சொல்ல முடியும். அன்பில்லாமையால் அவன் மறைக்கவில்லை. தந்தையின் முகம் வாடுவதைக் காணப் பொறாமல் மறைத்தான். என் முகம் வாடினால் அவனுக்கு இழப்பில்லை. அயலாரின் தகுதியே அதுதான்.

பெற்றோரை விலக்கி வைப்பதே ஆலோசனை என்று கருதுதலும் பிழை. சல்வடோர் மினுச்சின் 1974-இல் எழுதிய குடும்பச் சிகிச்சை நூல் இத்துறையில் பெயர்பெற்றது. துன்பத்தின் காரணத்தைப் பிள்ளையிடம் மட்டும் தேடாமல், வீட்டார் ஒருவரோடொருவர் பழகும் முறையில் தேடியவர் அவர்; குடும்பத்தினரை ஒருங்கே அமர்த்திப் பேசவைத்தார். பிள்ளையைக் 'கோளாறு' என்று கொண்டுவந்த பெற்றோர், தாமும் பேச்சுக்குரியவர் என்று அங்கே உணர நேர்கின்றது.

அம்மாணவன் பிழைத்தான், இன்று நலமாக உள்ளான். ஆனால், அதன்பின் என்னுடன் பேசியதேயில்லை. நான் செய்தது தவறா? உயிரைக் காக்கச் சொன்னது தவறன்று. காக்கவியலாத வாக்கைக் கொடுத்ததே தவறு. அவன் என்னை நம்பிய ஒரு மணி நேரமும் என் பொய்யின் மீது நின்றது. மறைபொருளின் எல்லையைத் தொடக்கத்திலேயே கூறிவிடுதல் பயிற்சி பெற்ற ஆலோசகர்களின் முதற்கடமை. மலேசியாவில் 1998-ஆம் ஆண்டின் ஆலோசகர் சட்டம் அவர்கள் பதிவு பெறுதலைக் கட்டாயமாக்கியது. நானோ நல்லெண்ணம் ஒன்றையே தகுதியாகக் கொண்டிருந்தேன்.

அக்காலத்தில் சொல்லுதலே அச்சத்திற்குரியதாக இருந்தது என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். சிங்கப்பூரில் 2019 இறுதிவரையிலும், மலேசியாவில் 2023 வரையிலும் தற்கொலை முயற்சி சட்டப்படி குற்றமாக இருந்தது. ஆறுதல் தேடியவர் குற்றவாளியாகவும் நிற்கக்கூடிய நிலை. அந்நிலையிலும் 1969 முதல் சிங்கப்பூரிலும், 1970 முதல் கோலாலம்பூரில் 'பிஃப்ரெண்டர்ஸ்' வழியாகவும் தொண்டர்கள் தொலைபேசியின் மறுமுனையில் அமர்ந்து, முன்பின் அறியாதவர் துயரைக் கேட்டுவந்தனர்.

இப்போது மாணவர் எவரேனும் அவ்வாறு தயங்கி நின்றால், "உன் உயிருக்கோ பிறர் உயிருக்கோ தீங்கு நேரும் என்று தோன்றினால் நான் மறைக்க மாட்டேன், ஆனால், உன்னிடம் சொல்லிவிட்டே பிறரிடம் சொல்வேன்" என்று முதலில் கூறிவிடுகின்றேன். அதைக் கேட்டதும் ஒன்றும் பேசாமல் திரும்பிச் சென்றவர்கள் உண்டு. ஒரு மாணவி மட்டும், நான்கு நாள் கழித்து, தன் தாயையும் அழைத்துக்கொண்டு வந்தாள்.