கம்பளிக் காசில் எழுந்த கோபுரம்

இங்கிலாந்தின் சஃபோக் மாவட்டத்தில் இருக்கும் லாவன்ஹாம் இன்று கிராமம் என்றே சொல்லத்தக்க சிற்றூர். ஆனால் அதன் தேவாலயக் கோபுரம் 141 அடி உயரம். உடைத்த சக்கிமுக்கிக் கற்களைப் பதித்த சுவர், சுற்றுவட்டார வயல்வெளிகளிலிருந்தே தெரியும். அதற்குக் காசு கொடுத்தது நீலக் கம்பளித் துணி வியாபாரம். ஆக்ஸ்ஃபோர்டு பிரபு ஜான் டி வேருடன் உள்ளூர்த் துணி முதலாளிகளும் பணம் போட்டார்கள். அவர்களில் பெரும் பணக்காரரான தாமஸ் ஸ்பிரிங் 1523-இல் இறந்தபோது, உயிலில் கோபுரத்துக்கும் பணம் ஒதுக்கியிருந்தார், தன் ஆன்மாவுக்கான பூசைகளுக்கும் ஒதுக்கியிருந்தார். உத்தரிக்கிற ஸ்தலத்தில் ஆன்மா படும் வேதனையைப் பூசைகள் குறைக்கும் என்பது அக்கால நம்பிக்கை. அப்படியானால் இது கொடையா, கடவுளோடு செய்த வியாபாரமா?

வியாபாரம்தான்; அதை மறுப்பதில் பயனில்லை. ஆனால் கொடுத்தவரின் மனதை வைத்து மட்டும் கொடையை எடைபோட முடியாது என்பதற்கு லாவன்ஹாமே சாட்சி. ஆன்மாக்களுக்குப் பூசை செய்ய விடப்பட்ட சொத்துகளை 1547-இன் சட்டம் அரசுடைமையாக்கியது. உத்தரிக்கிற ஸ்தலம் என்பதே வீண் கற்பனை என்று, ரோமிலிருந்து பிரிந்த இங்கிலாந்துத் திருச்சபை தன் கோட்பாட்டில் எழுதி வைத்தது. தேவாலயத்தை ஒட்டிய ஸ்பிரிங் சிற்றாலயத்தின் வெளிச்சுவரிலோ, தாமஸ், அவர் மனைவி ஆலிஸ் இருவரின் ஆன்மாக்களுக்காக மன்றாடுங்கள் என்று லத்தீன் எழுத்துகள் இன்றும் கேட்கின்றன. அவர் விலை கொடுத்து வாங்க நினைத்தது பறிபோனது. கூடவே கொடுத்த கட்டடம், அவர் நம்பிக்கையை ஏற்காத தலைமுறைகளுக்கும் வழிபாட்டு இடமாக நின்றது. கை மாறிய கொடை, கொடுத்தவரின் நோக்கத்துக்குள் அடங்கி நிற்பதில்லை.

எண்ணத்தைப் பொருட்படுத்தாவிட்டால், கொள்ளையடித்தவனும் கோயில் கட்டி நல்லவனாகிவிடுவானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி; இங்கே அது கூர்மையாகவே குத்துகிறது. அந்தச் சிற்றாலயக் கல்வெட்டில் உள்ள ஆண்டு 1525. அதே ஆண்டில், மன்னர் எட்டாம் ஹென்றியின் பிரெஞ்சுப் போருக்காக அவருடைய அமைச்சர் கர்தினால் வுல்சி கேட்ட வரியால் வேலையிழந்த நெசவாளிகள் லாவன்ஹாமில் ஆயிரக்கணக்கில் திரண்டார்கள். உங்கள் தலைவன் யார் என்று மன்னரின் சார்பில் வந்த பிரபு கேட்டதற்கு, வறுமைதான் எங்கள் தலைவன் என்று ஒருவர் சொன்னதாக வரலாற்றுக் குறிப்பு உண்டு. கோபுரத்துக்குப் போன காசு இவர்களைப் போன்றவர்களின் தறியில் பிறந்ததுதான். ஆனால் இது கோபுரத்தைக் குற்றவாளியாக்கவில்லை. புண்ணியம் முழுவதையும் ஸ்பிரிங் பெயரில் எழுதுவதைத்தான் தடுக்கிறது. கொடுத்தவரின் தவறு அவரோடு இருக்கட்டும், கொடுத்த பொருளின் நன்மை அவருக்கு மட்டும் வரவாக வேண்டாம். கோபுரத்தை மெச்சுவதற்கு ஸ்பிரிங்கை மன்னித்தாக வேண்டும் என்ற கட்டாயமில்லை.

லாவன்ஹாமில் பயணிகள் படமெடுக்கும் சாய்ந்த மரச்சட்ட வீடுகளின் கதை இன்னும் விசித்திரம். பின்னாளில், கோல்செஸ்டர் நகரில் குடியேறிய டச்சு அகதிகள் நெய்த மெல்லிய, மலிவான துணியோடு போட்டியிட முடியாமல் ஊர் நொடித்தது. இடித்துப் புதிதாகக் கட்டக் காசில்லை, அதனால் வீடுகள் தப்பின. இங்கே கொடையாளி என்று எவருமே இல்லை. பெறுகிறவர்கள் மட்டும் இருக்கிறார்கள். எண்ணம் ஒன்றே நன்மைக்கு அளவுகோல் என்பவர்கள் முதலில் இந்தத் தெருவுக்குப் பதில் சொல்ல வேண்டும்.