குக்குறுவான் யாரைக் கூப்பிடுகிறது?

மாசி பிறந்து பின்பனி விழும் நாட்களில், தெருமுனை அரசமரத்திலிருந்து 'டொக், டொக்' என்று ஒரே சீரான ஓசை வரும். கன்னான் செம்புத் தகட்டைத் தட்டுவது போலிருக்கும். செம்மார்புக் குக்குறுவான் அது. சிட்டுக்குருவியைவிடச் சற்றே பெரிய பச்சைப் பறவை. அலகைத் திறக்காமல், தொண்டைத் தோல் உப்பி அடங்கக் கூவும். கூவக் கூவத் தலையை இப்படியும் அப்படியும் திருப்புவதால் எந்தக் கிளையில் இருக்கிறதென்று எளிதில் பிடிபடாது. இணையைக் கூப்பிடுகிறது, இது தன் இடம் என்று மற்றக் குக்குறுவான்களுக்கும் அறிவிக்கிறது. மரத்தடியில் நிற்கும் மனிதருக்கு அதில் ஒரு சேதியும் இல்லை.

இந்தச் சின்ன உண்மையைச் சமயம் பேசுகிறவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். பறவையை நமக்கு வந்த தூதாகவே பார்த்துப் பழகியிருக்கிறோம். காகம் கரைந்தால் விருந்து, செம்போத்து குறுக்கே போனால் சகுனம், ஆந்தை அலறினால் சாவு. மூன்றிலும் நம் ஆசையும் அச்சமும்தான் இருக்கின்றன, பறவையைக் காணோம். எல்லா உயிரிலும் இறைவன் உறைகிறான் என்று நம்புகிறவர், அந்த உயிர் தன் பொருட்டே வாழ்கிறது என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒன்றும் கேட்காமல் ஒரு பறவையைக் கால்மணி நேரம் பார்த்திருப்பது அந்த ஒப்புதல்தான். அதை வழிபாடு என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

நம்பிக்கைதானே பறவைகளைக் காத்தது என்பார்கள். உண்மை. நெல்லைச் சீமையின் கூந்தன்குளத்தில் வீட்டு மரங்களில் கூடு கட்டும் மஞ்சள்மூக்கு நாரைகளை ஊர்மக்கள் அதிர்ஷ்டமாக எண்ணிக் காக்கிறார்கள். வேடந்தாங்கல் உழவர்கள் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமென்று கண்டு, 1798லேயே ஆங்கிலேயக் கலெக்டரிடம் பாதுகாப்பு உத்தரவு பெற்றார்கள். மதிக்க வேண்டிய மரபுகள் இவை. ஆனால் நாரைக்கு அடைக்கலம் தரும் அதே சகுன நம்பிக்கைதான் கூகையைக் கல்லெறிந்து விரட்டுகிறது. கூகை எலி பிடிக்கிறதே என்று வாதாடினாலும் போதாது. அதுவும் நம் வரவுக் கணக்குத்தான். நமக்கு ஒரு பயனும் தராத பறவைக்கு அங்கே இடமில்லை.

இன்னொரு கேள்வி இதைவிடக் கடினமானது. மாசிக் கடைசியில் உரக்கத் தொடங்கும் அந்தக் 'கூ' செங்கண் கொண்ட கரிய ஆண்குயிலுடையது. புள்ளிபோட்ட பெண்ணோ காக்கைக் கூட்டில் முட்டையிட்டுப் போய்விடும். இதில் அருள் எங்கே? காக்கை இழக்கும் குஞ்சுகளுக்கு என்னிடம் ஆறுதலான விடை இல்லை. ஆனால் குயிலைத் திருடி என்பதும் காக்கையை ஏமாளி என்பதும் நாம் தரும் தீர்ப்புகள். நம் அறத்துக்கு ஒத்து நடந்தால்தான் ஓர் உயிர் புனிதம் என்றால், நாம் வணங்குவது நம்மையேதான்.

பங்குனி வெயிலுக்கு முன் மரம் கழிக்கிறவர்கள் பட்ட கிளையைத்தான் முதலில் வெட்டுவார்கள். குக்குறுவான் பொந்து குடைவது அப்படிப்பட்ட கிளையில்தான். யார் தலையிலும் விழாது என்றால், இந்த ஆண்டு அதை விட்டுவையுங்கள்.