ஆள் வேண்டும், ஆளுக்கு உரிமை வேண்டாம்

1952-ல் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், அனுமதியின்றி நாட்டுக்குள் வந்தவருக்கு அடைக்கலம் தருவதைக் குற்றமாக்கியது. கூடவே ஒரு விலக்கும் வைத்தது: அவரை வேலைக்கு வைத்துக்கொள்வது அடைக்கலத்தில் சேராது. இரக்கப்பட்டு வீட்டில் ஒளித்துவைத்தவர் சிறைக்குப் போகலாம். அவரைக் கொண்டு பருத்தி எடுத்தவருக்கு ஒன்றுமில்லை. டெக்சாஸ் பண்ணையாளர்களின் நிர்ப்பந்தத்தால் வந்ததாகையால் 'டெக்சாஸ் விலக்கு' என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது.

குடியேற்றச் சீர்திருத்த விவாதங்கள் எல்லைவேலியில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகின்றன. வயலிலிருந்து பார்த்தால் கணக்கு வேறு. பழுத்த பழம் காத்திருக்காது. அறுவடை வாரங்களில் ஆள் கிடைக்க வேண்டும், கூலி ஏறக்கூடாது, வேலை முடிந்ததும் ஆள் ஊர்போய்ச் சேர வேண்டும். உள்ளூர்த் தொழிலாளி இதற்கெல்லாம் சம்மதிப்பாரா?

சம்மதிக்க வேறு வழியில்லாதவரைக் கொண்டுவர 1942-லேயே ஏற்பாடு இருந்தது. மெக்சிகோவுடன் செய்துகொண்ட 'பிரசேரோ' உடன்பாடு அது. 22 ஆண்டுகளில் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட வேலை ஒப்பந்தங்கள். கூலி போதவில்லை என்று பக்கத்துப் பண்ணைக்கு மாறிக்கொள்ளும் சுதந்திரம் மட்டும் கிடையாது. நாற்பதுகளின் இறுதியில், அனுமதியின்றி வந்து பிடிபட்டவர்களை எல்லைவரை கொண்டுபோய், கையில் ஒப்பந்தத்தாளைக் கொடுத்து மறுபடி வயலுக்கே அனுப்பிய கூத்தும் நடந்தது. 1954-ல் பெரும் நாடுகடத்தல் வேட்டை. அதற்குப் பின் பிரசேரோ எண்ணிக்கை குறையவில்லை. 1956-ல் ஆண்டுக்கு 4 லட்சத்தைத் தாண்டியது.

1964-ல் திட்டம் முடிந்தபோது கலிபோர்னியாவின் தக்காளித் தொழிலே அழியும் என்றார்கள். அழியவில்லை. டேவிஸ் பல்கலைக்கழகத்தில் உருவான அறுவடை இயந்திரமும், அதன் அடி தாங்கும் கெட்டியான தக்காளி ரகமும் சில ஆண்டுகளில் வயலை நிறைத்தன. மலிவாக ஆள் கிடைத்தவரை அந்த இயந்திரத்தை யாரும் அவசரமாகத் தேடவில்லை என்பதே என் எண்ணம். திட்டம் முடிந்த அடுத்த ஆண்டே அதே மாநிலத்தின் டெலானோ திராட்சைத் தோட்டங்களில் பிலிப்பினோத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்க, தொழிலாளர் தலைவர் சேசர் சாவேசின் சங்கமும் சேர்ந்துகொண்டது.

ரேகன் கையெழுத்திட்ட 1986-ஆம் ஆண்டுச் சட்டம் சுமார் 27 லட்சம் பேருக்குச் சட்டபூர்வ அந்தஸ்து தந்தது. டெக்சாஸ் விலக்கையும் நீக்கி, முதலாளிக்கு அபராதம் விதித்தது. ஆனால் வேலைக்கு வந்தவர் காட்டிய அடையாளத்தாள் பார்வைக்கு அசலாக இருந்தாலே முதலாளியின் கடமை தீர்ந்தது. போலித்தாள் வியாபாரம் பெருகியது. பண்ணைக்கும் ஆளுக்கும் நடுவே ஒப்பந்தக்காரர்கள் பெருகி, மாட்டிக்கொள்ளும் அபாயத்தைத் தங்கள் தலையில் ஏற்றுக்கொண்டார்கள்.

எந்தச் சீர்திருத்த மசோதா வந்தாலும் நான் முதலில் தேடுவது, வந்தவர் முதலாளியை மாற்றிக்கொள்ள முடியுமா என்பதைத்தான். இன்றைய பண்ணை விசாவான எச்-2ஏ-வுக்கு ஆண்டு உச்சவரம்பு கிடையாது. எத்தனை பேரையும் வரவழைக்கலாம். ஆனால் விசா, மனுப்போட்ட முதலாளியோடு கட்டப்பட்டது. அவரிடம் வேலையை விட்டவர், வேறொரு முதலாளி மனுப்போடாவிட்டால், நாட்டையும் விட வேண்டும்.